ருசி பார்க்காத பிறைகள்

ஸஹீதா கேக் அடித்தால் ருசி பார்க்கத் தேவையில்லை என்று காத்தான்குடியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஊர் கிளப்பியதா, அவளே கிளப்பிவிட்டாளா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். எப்படியோ, பெருநாள் நெருங்கினால் அவளுடைய குசினிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இந்தமுறை ஊரெல்லாம் ஒரே கேள்வி, பிறை பிரவுனி இருக்கா என்று. சொக்லேட் பிரவுனியைப் பிறையாகவும் நட்சத்திரமாகவும் வெட்டி, மேலே வெள்ளை ஐசிங்கில் பூவேலை செய்து, பெட்டியில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். போன வருடம் வரைக்கும் வட்டிலாப்பம் கேட்டவர்கள்கூட இந்த வருடம் பிரவுனி கேட்டார்கள்.

அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் பிறை தென்பட்டால் விடிந்தால் பெருநாள், இல்லாவிட்டால் இன்னொரு நோன்பு. ஓடர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஆனால் ஸஹீதாவின் மனதில் கிடந்தது ஓடர் இல்லை. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கச்சி றுக்ஷானாதான் கிடந்தாள்.

றுக்ஷானா பெருநாள் முடிந்த கையோடு தோஹாவுக்குப் போகிறாளாம். அவளுடைய புருஷன் இஷாமுக்கு அங்கே குடும்பத்தோடு இருக்க விசா கிடைத்துவிட்டதாம். இதை ஸஹீதாவுக்குச் சொன்னது தங்கச்சி இல்லை, முட்டை கொண்டுவந்து போடுகிறவன். கூடப் பிறந்தவள் ஊரைவிட்டுப் போகிற செய்தி முட்டைக்காரன் வாயால் வந்து சேர்ந்ததை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவே இல்லை. இப்போது முகம் பார்க்காவிட்டால் பிறகு எப்போது? வந்துபோக எத்தனை வருடம் ஆகுமோ. அதற்குள் யார் இருப்பார், யார் போவார் என்று யாருக்குத் தெரியும்.

ஆகவே அவள் ஒரு முடிவு எடுத்தாள். அன்று சுடும் பிரவுனியில் முதல் பீங்கான் தட்டு தங்கச்சி வீட்டுக்கு. அதுவும் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னாலே. அவள் வாங்கிக்கொண்டால் விடியப் பெருநாளுக்குப் போய்க் கட்டிப்பிடிக்கலாம். திருப்பி அனுப்பினால், சரி, அதோடு முடிந்தது.

இவ்வளவு தூரம் வந்த கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். நடுவில் மதில் எழும்பியபோது அதில் ஒரு சின்னக் கேற் வைத்தார்கள், தெருவுக்கு இறங்காமல் இரண்டு பேரும் வந்துபோக. அந்தக் கேற்றால்தான் றுக்ஷானா நாள் தவறாமல் ராத்தாவின் குசினிக்கு வந்தாள். மூத்தவளுக்குக் கைப்பக்குவம், இளையவளுக்குக் கைவேலை. கலியாணப் பெண்களுக்கு மருதோண்டி வைத்துப் பழகிய கை அது. மருதோண்டிக் கோனைப் பிடிக்கிற மாதிரியே ஐசிங் கோனைப் பிடித்து மல்லிகைக் கொடி ஓடவிடுவாள். பார்த்தவர்கள் அதைப் பிய்த்துத் தின்ன மனமில்லாமல் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்வதில் ஒரு முறை இருந்தது. ஸஹீதா அளந்து போடுவாள். பக்கத்தில் நிற்கும் றுக்ஷானா ஒவ்வொன்றும் விழ விழச் சத்தமாகச் சொல்லுவாள். பட்டர் போட்டாச்சு ராத்தா. சீனி போட்டாச்சு ராத்தா. சொன்னதும் அந்த டின்னை மூடி ஒதுக்கி வைப்பாள். பேச்சுக்காரி ஸஹீதா, கதை சொல்லிக்கொண்டே அளப்பாள். எதைப் போட்டோம், எதை விட்டோம் என்ற கவலை அவளுக்கு இருந்ததே இல்லை. அந்தக் கவலையைத் தங்கச்சி வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியவும் இல்லை.

பிறகு ஏறாவூரில் ஒரு பெரிய வீட்டுக் கலியாணம். மூன்று தட்டுக் கேக். வந்த சனமெல்லாம் கேக்கைச் சுற்றி நின்று, இந்தப் பூவேலை யாருடையது என்று கேட்டது. நான்தான் என்று ஸஹீதா சொல்லிவிட்டாள். வாய் தவறியும் இல்லை, வேண்டுமென்றும் இல்லை. புகழ்ச்சி வரும்போது சிலருக்கு வாய் தானாகத் திறந்துவிடும். செய்தி அன்று பின்னேரமே கேற்றைத் தாண்டி றுக்ஷானாவிடம் போனது. ஏன் ராத்தா அப்படிச் சொன்னீங்க என்று றுக்ஷானா சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்போதாவது ஸஹீதா பேசாமல் இருந்திருக்கலாம்.

“அலங்காரம் ஆரும் செய்வாங்க. ருசிதான் கேக்,” என்றாள் ஸஹீதா.

றுக்ஷானா கையிலிருந்த கோனை வைத்தாள். “அப்ப உங்கட ருசியோட நீங்க இருங்க ராத்தா,” என்று சொல்லிவிட்டுப் போய்க் கேற்றைத் தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டு ஸஹீதாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவ ஒரு பக்கம் பூட்டினா நான் ஒரு பக்கம் பூட்ட மாட்டேனா என்று மறுநாளே புருஷனை அனுப்பி ஆமைப்பூட்டு வாங்கித் தன் பக்கம் மாட்டினாள். புருஷன் முத்தலிப், கைலிச் சாரம் விற்கிற கடைக்காரர், நிதானமான மனுஷன். கள்ளன் வந்தா பாவம், ரெண்டு வீட்டிலயும் அனுமதி கேக்க வேணும் என்று மட்டும் சொன்னார். உம்மா உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேருடைய காதையும் திருகியிருப்பா. அவ இல்லாத வீட்டில் பிடிவாதத்துக்கு யார் வேலி போடுவது? அப்படியே மூன்று நோன்புப் பெருநாள் போய்விட்டது.

இப்போது அன்றைய பின்னேரத்துக்கு வருவோம். பெரிய சட்டியில் சொக்லேட்டும் பட்டரும் உருகிக் கலந்தாயிற்று. முட்டையும் சீனியும் பீட்டரில் அடிபட்டு வெளிறி நுரைத்து வந்தன. கொக்கோவும் மாவும் அரித்து வைத்தாயிற்று. சொக்லேட்டின் இனிப்பை எடுத்துக்காட்ட ஸஹீதா எப்போதும் உப்பும் சேர்ப்பாள். உப்பு டின்னைத் திறந்து, கரண்டியால் அள்ளிப் போட்டாள். அந்த நேரம் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. கையைக் கழுவிவிட்டுத் தொழப் போனாள்.

தொழுகையில் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். யா அல்லாஹ், அவள் அந்தப் பீங்கானை வாங்கிக்கொள்ள வேண்டும். எழும்பி வந்தபோதும் மனம் அங்கேயே நின்றது. சட்டியைப் பார்த்தாள். உப்பு டின் திறந்து கிடந்தது. ஆ, உப்புப் போடவில்லை என்று அள்ளிப் போட்டாள்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. சித்தாண்டியிலிருந்து கேதீஸ்வரி ரீச்சர் போன் எடுத்தா. மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும், நீலத்தில் வேண்டும், நாளைக்கோ மறுநாளோ உங்களுக்குப் பெருநாள், பிறகு எப்ப வரலாம் என்று கேட்டா. பேச்சு நீண்டு, ரீச்சர் வீட்டு வயல் வேளாண்மை வெட்டு வரைக்கும் போய்த் திரும்பியது. போனை வைத்துவிட்டு வந்த ஸஹீதா என்ன செய்தாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? டின் இன்னமும் திறந்துதான் கிடந்தது. மூடி வைக்க அங்கே யாரும் இல்லை.

நோன்பு இல்லாத நாளாக இருந்தால் விரலில் தொட்டு நாக்கில் வைத்திருப்பாள். முத்தலிப் கடையிலிருந்து வந்து, நுனி நாக்கில வைச்சுப் பார்த்துத் துப்பினா நோன்பு முறியாது எண்டு மௌலவியே சொல்லியிருக்கார், வேணுமெண்டா பாரன் என்றார். ஸஹீதாவுக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை நோன்பு சுத்தமாகப் பிடித்துவிட்டுக் கடைசியில் ஒரு சொட்டு மாவுக்காகச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பதா? தவிர, அவளுடைய கைக்கு ருசி பார்க்க வேண்டுமா என்ன!

தட்டுகள் அவண் அடுப்புக்குள் போயின. வீடெல்லாம் சொக்லேட் வாசம் பரவியது. நோன்பு நேரத்தில் அந்த வாசத்தைத் தாங்குவது லேசான காரியமில்லை. முத்தலிப் முற்றத்துக்கு எழும்பிப் போய்விட்டார். பிரவுனியின் மேலே மெல்லிய தோல் பளபளத்து வெடித்து, பார்க்க வெகு அழகாக வந்திருந்தது. ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கி, அச்சைச் சுடுதண்ணீரில் நனைத்து நனைத்துப் பிறைகளை வெட்டி எடுத்தாள். வெட்டிப்போன ஓரத்துண்டுகளை நோன்பு திறக்கையில் தின்ன ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

பிறகுதான் சோதனை. ஐசிங் கோனைக் கையில் எடுத்தால் கை சொன்னபடி கேட்கவில்லை. இந்த மூன்று வருடமும் அவள் அலங்காரத்தில் நட்சத்திரப் பொட்டு, நெளிகோடு, வெள்ளி முத்து என்று ஏதோ ஒப்பேற்றித்தான் வந்தாள். அன்று தங்கச்சிக்கு என்று நினைத்ததும் இன்னும் மோசமாயிற்று. மல்லிகை விடப் பார்த்தாள். அது கத்தரிப்பூவும் இல்லை, பீர்க்கம்பூவும் இல்லை, ஏதோ ஒன்றாக வழிந்தது. பிறையின் ஓரத்தில் கோடு இழுத்தாள். நடுவில் தடித்து முனையில் காணாமல் போயிற்று. ஒன்றை வழித்தெடுத்து இன்னொன்றில் போட்டாள். ஆரும் செய்வாங்க என்று சொன்ன வாய்தானே இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உள்ளதில் நல்லவற்றைப் பொறுக்கி, உம்மாவின் நீலக்கரைப் பீங்கானில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி முத்தலிப்பிடம் கொடுத்தாள். பின்னால கேற்றத் திறந்து நீயே கொண்டுபோய்க் குடேன் என்றார் அவர். அவள் முறைத்த முறைப்பில் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவால் சுற்றிப் போனார்.

திரும்பி வந்தவரிடம் அவள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. யார் வாங்கியது? இஷாம். என்ன சொன்னார்? ஒண்டும் சொல்லல்ல, நன்றிக்கு ஒரு ஜஸாக்கல்லாஹ் எண்டார். அவள்? உள்ளுக்க இருந்தா. எட்டிப் பார்க்கவில்லையா? மனுஷனே, வடிவாகப் பார்த்தீங்களா? முத்தலிப் பொறுமையாகப் பதில் சொன்னார். பீங்கான் வாசலிலிருந்து திரும்பி வரவில்லை. அது மட்டும் அவளுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. பிறகு முத்தலிப் ஆசையோடு கிண்ணத்தை இழுத்து ஒரு ஓரத்துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் தண்ணீரை எடுத்துக் குடித்தார். ஸஹீதா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

உப்பென்றால் உப்பு. கருவாட்டைச் சொக்லேட்டில் தோய்த்த மாதிரி.

ஓடர்த் தட்டுகள் எல்லாம் அதே மாவு. ஆனால் அவள் அதை நினைக்கவே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது றுக்ஷானா துணியை எடுத்திருப்பாள். ஒரு பிறையை எடுத்துக் கடித்திருப்பாள். ஸஹீதாவின் கை தவறாது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. ருசிதான் கேக் என்று சொன்னவள், மூன்று வருடம் கழித்து உப்பை அள்ளிக் கொட்டி அனுப்பியிருக்கிறாள். பிழையாய்ப் போட்டது என்று யார் நம்புவார்? போகிறவளை உப்புக் கொடுத்து வழியனுப்பினாள் என்றுதானே நினைப்பாள்! இந்த நினைப்போடு அவள் விமானம் ஏறிவிட்டால், பிறகு எத்தனை பெருநாள் வந்தாலும் என்ன பயன்?

முத்தலிப், நான் போய்ச் சொல்லட்டா என்று எழும்பினார். “வேணாம். இது நான் போக வேண்டியது,” என்றாள் ஸஹீதா.

அலுமாரியில் கரண்டிகளுக்கு அடியில் ஆமைப்பூட்டின் திறப்புக் கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். தெருவால் சுற்றிப் போகலாம் என்பது அவளுடைய புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். வாவியின் உப்புக் காற்றில் பூட்டுத் துருவேறி இறுகியிருந்தது. திறப்பை விட்டுத் திருகினாள், அசையவில்லை. குசினிக்கு ஓடித் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து ஊற்றித் திருகினாள். விரல் நொந்தது. கடைசியில் கிறீச்சென்று கழன்றது. கேற்றைத் தள்ளினாள். அது திறக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் பக்கம் திறந்தால் போதும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாளோ என்னவோ. கேற்றின் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கிட்டத்தில், கேற்றுக்கு நேராக.

“எத்தனை தரம் உப்புப் போட்டீங்க ராத்தா?”

றுக்ஷானாதான். எப்போது வந்து நின்றாளோ. பூட்டோடு மல்லுக்கட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

“தெரியாது புள்ள. ரெண்டோ மூணோ. வேணுமெண்டு போடல்ல. அல்லாஹ்மேல ஆணை, வேணுமெண்டு போடல்ல.”

“வேணுமெண்டு போடுற ஆள் அளந்து ஒரு கரண்டிதான் கூடப் போடும். இது அப்படியில்ல. இது பக்கத்தில சொல்ல ஆளில்லாமப் போட்ட உப்பு. எனக்குத் தெரியாதா?”

தாழ்ப்பாள் இழுபட்டது. அதுவும் துருப்பிடித்திருக்க வேண்டும். அவளும் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தாள். கேற் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. றுக்ஷானா கொஞ்சம் மெலிந்திருந்தாள். கையில் உம்மாவின் நீலக்கரைப் பீங்கான். அதில் சீனி குவித்திருந்தது. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று பழம் வைப்பார்கள், சீனி வைப்பார்கள், வழக்கம்தான். ஆனாலும் அந்தச் சீனியைப் பார்த்ததும் ஸஹீதாவுக்கு அழுகைக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது.

“அண்டைக்கு அலங்காரம் ஆரும் செய்வாங்க எண்டு சொன்னனே. பொய் றுக்ஷானா. ஏலாது. நீ என்ட பிறையப் பார்த்தாய்தானே,” என்றாள்.

“பார்த்தன். வாழைப்பழம் எண்டு நினைச்சன்.”

“அந்தக் கலியாண வீட்டிலயும் பொய்தான் சொன்னன். உன்ட வேலைய என்ட வேலை எண்டு சொல்லியிருக்கக் கூடாது.”

றுக்ஷானா பீங்கானை ராத்தாவின் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. தோஹாவுக்குப் போவது மெய்யா என்று ஸஹீதா கேட்டாள். ஓம் ராத்தா, அடுத்த கிழமை என்றாள். உங்களுக்கு எப்படிச் சொல்லுற எண்டு தெரியாமக் கிடந்தது. ரெண்டு தரம் இந்தத் தாழ்ப்பாளில கை வைச்சன், உங்கட பக்கம் பூட்டுக் கிடந்தது என்றும் சொன்னாள். ஸஹீதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பூட்டை வாங்கச் சொன்ன நாளை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை தென்பட்டுவிட்டது, நாளை பெருநாள். அந்தத் தெரு, இந்தத் தெரு என்று பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். எங்கோ தக்பீர் முழக்கம் தொடங்கியது. ஸஹீதா பீங்கானோடு அப்படியே நின்றாள். விடிந்தால் ஓடர்க்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். குசினியில் கிடப்பது முழுவதும் உப்பு.

றுக்ஷானா அவளைத் தாண்டி உள்ளே நடந்தாள். முத்தலிப்பைக் கண்டு, சுகமா மச்சான் என்று, நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி கேட்டாள். குசினியில் முன்றானையை இடுப்பில் செருகி, கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியை நிமிர்த்தி, முட்டை இருக்கா, பட்டர் போதுமா என்று பார்த்தாள். பட்டர் போதவில்லை. அதை வாங்க முத்தலிப் கடைக்குப் போனார். கோன்களில் ஐசிங் நிரப்பி, தன் கைக்கு ஏற்ற நுனி வெட்டி, ஒரு காகிதத்தில் ஒரு மல்லிகையை இழுத்துப் பார்த்தாள். மூன்று வருடம் ஐசிங் தொடாத கையென்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஸஹீதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பட்டர் வந்தது, உருகியது. முட்டை நுரைத்தது. ஸஹீதா அளந்து போடப் போட, பக்கத்தில் நின்றவள் பழையபடி சொல்லத் தொடங்கினாள். பட்டர் போட்டாச்சு ராத்தா. சீனி போட்டாச்சு ராத்தா. கொக்கோ போட்டாச்சு ராத்தா. ஒவ்வொரு டின்னும் மூடுபட்டு ஒதுங்கியது. ஸஹீதா வாயைத் திறந்து ஒரு கதையும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை இந்தக் குசினியில் அது இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

உப்பு விழுந்தது. றுக்ஷானா டின்னை மூடி, கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள்.

“உப்புப் போட்டாச்சு ராத்தா.”

நன்றாகத்தான் கேட்டது. பக்கத்தில்தானே நிற்கிறாள். ஆனாலும் ஸஹீதா கையிலிருந்த அகப்பையை நிறுத்தினாள்.

“என்ன புள்ள சொன்னாய்? கேக்கல்ல,” என்றாள்.

றுக்ஷானா அவளுடைய முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, திரும்பவும் சொன்னாள்.